வண்டிக்கு எவ்வளவு சூடு வேண்டும்? மார்கிரைட் கிராமத்தின் குகைத் தீயணைப்பு நிலையம்

சின்ன ஊருக்கு ஒரு தீயணைப்பு நிலையம் கட்ட வேண்டும், அது சுற்றுச்சூழலுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று யாராவது பேச்சை எடுத்தால், ஐந்து நிமிடத்தில் கூரையில் எத்தனை சோலார் பேனல் வைக்கலாம் என்பதில் போய் நிற்கிறது. பேனல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ராத்திரி அங்கே யாராவது தூங்கப் போகிறார்களா? ஆம் என்றால் நீங்கள் கட்டப்போவது ஒரு வீடு. சமையலறை, குளியலறை, படுக்கை எல்லாம் இருபத்து நான்கு மணி நேரமும் புழங்கும் வீடு, அதோடு ஒட்டி ஒரு வண்டிக் கொட்டகை. யாரும் தூங்கப் போவதில்லை என்றால் வண்டியும் குழாயும் உடுப்பும் அழைப்புக்காகக் காத்துக் கிடக்கிற இடம், அவ்வளவுதான். வாசலில் பெயர்ப்பலகை ஒன்றாக இருக்கலாம், உள்ளே இரண்டும் வேறு வேறு கட்டடங்கள். ஒன்றுக்கான வரைபடத்தை எடுத்து இன்னொன்றைக் கட்டினால், அப்புறம் எவ்வளவு பேனல் வைத்தாலும் அந்தத் தப்பு சரியாகாது.

இந்த வித்தியாசத்தை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டு கட்டியதாக நான் நினைக்கும் நிலையம் இத்தாலியின் வடக்கு ஓரத்தில், தெற்கு டைரோல் மாகாணத்தில், மார்கிரைட் என்ற கிராமத்தில் இருக்கிறது. 2010இல் கட்டி முடித்தார்கள். பிரிக்சன் ஊரைச் சேர்ந்த பெர்க்மைஸ்டர்வொல்ஃப் என்ற கட்டடக்கலை அலுவலகம் வடிவமைத்தது. கட்டினார்கள் என்பதைவிடக் குடைந்தார்கள் என்பதுதான் பொருத்தம், ஏனென்றால் நிலையத்தின் பெரும்பகுதி மலைக்குள்ளே இருக்கிறது.

ஊரும் ஆட்களும்

தெற்கு டைரோல் முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்தது, பிறகு இத்தாலிக்குப் போனது. இன்றும் அங்கே பெரும்பான்மை ஜெர்மன் பேசுபவர்கள்தான். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர். மார்கிரைட்டுக்கு இத்தாலியப் பெயர் மாக்ரே. மக்கள்தொகை சுமார் 1,300. அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், ஃபென்பெர்க் மலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஊர். பின்னால் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குப் பாறை. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை திராட்சைத் தோட்டம். ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் கொடியை 1601இல் நட்டதாக அங்கேயே குறித்து வைத்திருக்கிறார்கள், நானூறு ஆண்டு தாண்டியும் அது காய்க்கிறது. மண்ணை எப்படிப் பார்க்கிற ஊர் என்பதை அந்த ஒரு கொடியே சொல்லிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து வண்டி நிறுத்த ஒரு பெரிய தளம் வேண்டும், முன்னால் வண்டி திரும்பத் தார் போட்ட முற்றம் வேண்டும் என்றால், அது யாருடைய தோட்டத்திலிருந்து வரும்?

அடுத்து, அங்கே தீயை யார் அணைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாகாணம் முழுவதற்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தீயணைப்புப் படை ஒன்றுதான், அது தலைநகர் போல்சானோவில் இருக்கிறது. மீதி எல்லாம் தன்னார்வப் படைகள். 116 ஊராட்சிகள் உள்ள மாகாணத்தில் இப்படி 300க்கும் மேற்பட்ட படைகள், அவற்றில் ஏறக்குறைய 13,000 பேர். தச்சர், தோட்டக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர் என்று பகலில் ஆளுக்கொரு தொழில். அழைப்பு வந்தால் இடுப்பில் பேஜர் அலறும், ஊர்ச் சங்கும் ஊதும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். மே 4ஆம் தேதி, தீயணைப்பு வீரர்களின் காவல் புனிதரான ஃபுளோரியன் நாளை ஒட்டி இந்தப் பகுதிகளில் தேவாலயத்துக்குச் சீருடையில் அணிவகுத்துப் போவது வழக்கம். அப்பா இருந்த படையில் மகனும் மகளும் சேர்வது அங்கே சர்வ சாதாரணம்.

ஆக, நிலையத்தில் யாரும் தூங்குவதில்லை. ஆண்டில் பெரும்பாலான மணி நேரம் உள்ளே மனித வாடையே கிடையாது. பயிற்சி நாள், கூட்ட நாள், அழைப்பு வந்த நாள் மட்டும்தான் விளக்கு எரியும். இந்த இடத்தை ஆண்டு முழுக்க 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

வண்டிக்கு வேண்டியது கொஞ்சம்தான். தொட்டியில் தண்ணீர் உறையக் கூடாது, பம்ப்புக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்து பம்ப்பின் கூட்டை வெடிக்கச் செய்யக் கூடாது, பேட்டரி செத்துப் போகக் கூடாது. ஐந்தாறு டிகிரிக்கு மேல் இருந்தால் வண்டி சந்தோஷமாக நிற்கும். மூச்சுக் கருவி, குழாய், ஏணி, ஜெனரேட்டர் எதுவும் அதற்கு மேல் கேட்பதில்லை. சூடு தேவைப்படுவது மனிதர்கள் உடை மாற்றும் இடத்திலும், உட்கார்ந்து பேசும் இடத்திலும், வயர்லெஸ் பார்க்கும் அறையிலும் மட்டும்.

மலை தரும் சூடு

கிணற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மத்தியானத்தில் சில்லென்று இருக்கும். தண்ணீர் மாறுவதில்லை, மேலே காற்றுதான் மாறுகிறது. தரைக்குள் பத்துப் பதினைந்து மீட்டர் போய்விட்டால் வெப்பம் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்தப் பள்ளத்தாக்கில் சராசரி 12 டிகிரியை ஒட்டி வருகிறது. வெளியே ஜனவரி ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் பாறைக்குள் அதுபாட்டுக்கு இருக்கும். வண்டிக்குத் தேவையான சூடு இது. எரிவாயு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

மார்கிரைட்டில் செய்தது இதுதான். ஊர் ஓரத்தில், பாறைச் சுவரின் அடியில், மூன்று குகைகளைப் பக்கம் பக்கமாகக் குடைந்தார்கள். இரண்டில் வண்டிகள், மூன்றாவது நிர்வாகத்துக்கும் மற்றத் தேவைகளுக்கும். ஒவ்வொன்றும் வில் வளைவான கூரையோடு, ரயில் சுரங்கம் போல இருக்கும். குகை வாய்களின் முன்னால் கறுப்பு நிறமேற்றிய கான்கிரீட்டில் ஒரு நீண்ட சுவர், நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து, மடிந்து, மலையோடு ஒட்டி ஓடுகிறது. அதில்தான் வண்டி வாசல்கள். அந்தச் சுவரிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஆட்கள் உட்காரும் அறை. படத்தைப் பார்த்தால், கறுப்புச் சுவர், அதற்கு மேலே சாம்பலும் மஞ்சளும் கலந்த பாறை, நடுவில் விளக்கெரியும் ஒரு பெட்டி. அழகுக்காகச் செய்தது போலத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

சுவர் சாய்ந்திருப்பதும் கனமாக இருப்பதும் மேலிருந்து கல் விழும் என்பதற்காக. செங்குத்துப் பாறையின் அடியில் கட்டுகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். உறைந்து உருகி உறைந்து உருகிப் பாறை இடுக்கில் நீர் ஆப்பு அடிப்பது போல வேலை செய்யும்; ஒரு வசந்த காலத்தில் மூட்டை அளவுக் கல் கழன்று வரும். ஆபத்து வேளையில் உதவ வேண்டிய வண்டி, ஆபத்து வேளையிலேயே தன் வாசலில் விழுந்த கல்லால் அடைபட்டு நின்றால் அந்த நிலையத்தால் பயனில்லை. அதனால் சுவர் முகப்பாகவும் இருக்கிறது, கேடயமாகவும் இருக்கிறது. ஒரே பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவதுதான் சிக்கனத்தில் நல்ல சிக்கனம் என்பது என் கருத்து.

கண்ணாடிப் பெட்டி வெளியே நீட்டியிருப்பது வெளிச்சத்துக்காக. குகைக்குள் மனிதனை மணிக்கணக்கில் உட்கார வைக்கக் கூடாது. வெளிச்சமும் வேண்டும், வருகிற வண்டியும் போகிற வண்டியும் கண்ணில் பட வேண்டும். இதிலேயே இன்னொரு லாபமும் இருக்கிறது: சூடாக்க வேண்டியது அந்தப் பெட்டியையும் ஒட்டிய சில அறைகளையும் மட்டும். வண்டிக் கூடத்தில் இருக்கும் காற்றின் பெரிய கன அளவோடு கணக்குப் பார்த்தால் இது ஒரு மூலை. சூடான பகுதி, சூடு வேண்டாத பகுதி என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டால் சூட்டுக் கருவியும் சின்னதாகிறது, அதன் விலையும் மின்கட்டணமும் சின்னதாகின்றன. ஒரு சிறு ஊராட்சிக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் கட்டும் காசு ஒருமுறை மானியமாக வரலாம், மாதா மாதம் வருகிற கட்டணத்துக்கு யாரும் மானியம் தருவதில்லை.

வண்டி வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் அகலம் என்று ஒரு வாசல் திறக்கும்போது உள்ளே இருந்த சூடான காற்று முழுக்க மேல்வழியாக வெளியே கொட்டும், கீழ்வழியாகக் குளிர் காற்று தரையோடு பாயும். சாதாரண நிலையத்தில் வாசல் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் காசு பறக்கும். ஆனால் காற்றில் இருக்கும் சூடு கொஞ்சம்தான், சுவரிலும் தரையிலும் தங்கியிருக்கும் சூடுதான் அதிகம். மலை அளவுக்குச் சுவர் இருந்தால், வாசலை மூடிய சிறிது நேரத்தில் பாறை காற்றை மறுபடி தன் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

குகையில் சும்மா வராத விஷயங்கள்

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது ஆய்வாகாது. யாராவது இதைப் படித்துவிட்டு எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது என்று கிளம்பினால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கட்டும்.

முதல் எதிரி ஈரம். கோடையில் வெளியே 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று, உள்ளே பாறை 12 டிகிரி. வாசலைத் திறந்ததும் அந்தக் காற்று உள்ளே வந்து, பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போலப் பாறை வியர்க்கும், வண்டியின் இரும்பு வியர்க்கும். தொங்கும் மேலங்கிகளில் பூஞ்சை பிடிக்கும், மூச்சுக் கருவியின் முகமூடி ரப்பருக்கு ஆகாது, மின்இணைப்புகள் பச்சை பூக்கும். காற்றோட்டத்தைத் தலைகீழாக யோசிக்க வேண்டும்: கோடைப் பகலில் வெளிக்காற்றை உள்ளே விடாமல், ஈரம் குறைந்த வேளை பார்த்து விட வேண்டும், மீதிக்கு ஈரம் உறிஞ்சும் கருவி ஓட வேண்டும். சூட்டுக்கு மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு இதற்குப் போகும். உடுப்பை மட்டுமாவது சூடாக்கிய, காற்றோடும் அறையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயு. நிறமில்லை, வாசனையில்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம். கட்டடங்களுக்குள் உறுப்பு நாடுகள் வைக்கும் குறிப்பு அளவு ஒரு கன மீட்டருக்கு 300 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சொல்கிறது. பாறை வகையைப் பொறுத்து இது பெரிதும் மாறும். குடைவதற்கு முன்னாலும் அளக்க வேண்டும், ஆட்கள் புழங்கத் தொடங்கிய பிறகும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஆட்கள் தங்கும் அறையைப் பாறையிலிருந்து வெளியே இழுத்து வைத்ததில் இந்த விஷயத்திலும் நன்மை உண்டு.

மூன்றாவது டீசல் புகை. எல்லா நிலையத்துக்கும் உள்ள பிரச்சினைதான், ஆனால் மூடிய குகையில் இன்னும் கூர்மை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. தீயணைப்பு வேலையே புற்றுநோய் தரும் தொழில் என்று 2022இல் அதே முகமை முதல் வகையில் சேர்த்தது. அதனால் வண்டியின் புகைக்குழாயில் நேரடியாக மாட்டும் உறிஞ்சுகுழாய் இல்லாமல் எந்த நிலையமும் கட்டக் கூடாது. வண்டி நகரும்போது கூடவே தண்டவாளத்தில் ஓடி, வாசல் தாண்டும்போது தானாகக் கழன்றுகொள்ளும் வகை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து வெட்டாதீர்கள், சம்பளமே வாங்காமல் வருகிற ஆட்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இது.

நான்காவது, கான்கிரீட். பாறை தன்னைத் தானே தாங்கும் என்றாலும், குடைந்த வளைவில் தெளிப்புக் கான்கிரீட் அடித்து, இரும்பு ஆணிகளால் பாறையைத் தைத்து நிறுத்துவதுதான் வழக்கமான முறை. முன்னால் அந்தக் கனமான சுவர் வேறு. உலகக் கார்பன் டை ஆக்சைடில் சிமெண்டின் பங்கு மட்டும் 7, 8 சதவீதம். அந்தக் கடனை மிச்சமாகும் சூடு பல ஆண்டுகள் அடைக்க வேண்டும். இது நியாயமாவது ஒரே நிபந்தனையில்தான்: கட்டடம் ஐம்பது, நூறு ஆண்டு நிற்க வேண்டும், அத்தனை காலமும் நிலையமாகவே இருக்க வேண்டும். மரச்சட்டத்தில் கட்டி, நல்ல காப்பு வைத்தால் தொடக்கக் கார்பன் குறைவாக இருக்கும். மலையடியில் கல் விழும் ஊருக்கு மரம் சரிப்படாது, சமவெளி ஊருக்குக் குகை கிடைக்காது. ஊருக்கு ஊர் பதில் வேறு.

அலமாரியிலிருந்து வண்டி வரைக்கும்

தன்னார்வப் படையில் ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்கத் தரநிலைகளில் முழுநேரப் படைக்கு ஒரு கணக்கு: தீ என்றால் அழைப்பு கிடைத்து 80 நொடிக்குள் உடுத்தி வண்டியில் ஏறியாக வேண்டும், முதல் வண்டி அடுத்த நான்கு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தன்னார்வப் படைக்கான தரநிலை வேறு: மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறத்தில் 14 நிமிடத்துக்குள் ஆறு பேர், பத்தில் எட்டு தடவையாவது. இவ்வளவு இடைவெளி ஏன் என்றால் ஆட்கள் முதலில் நிலையத்துக்கு வர வேண்டும். அதனால் சிறு ஊர் நிலையத்தில் முதல் பிரச்சினை கட்டடத்துக்கு வெளியே தொடங்குகிறது. திராட்சை வரிசையில் கொடி கத்தரித்துக்கொண்டிருந்தவர் காரில் பறந்து வருகிறார், எதிரே முதல் வண்டி கிளம்பி வெளியே வருகிறது. இரண்டும் ஒரே வாசலில் சந்தித்தால் விபத்து. வருபவர்களின் பாதையும் வண்டி போகும் பாதையும் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்பது இந்தக் கட்டடங்களின் பாலபாடம். இதில் தவறு செய்த நிலையங்கள் இன்றும் ஏராளம்.

உள்ளே வந்ததும் அலமாரி. பூட்ஸைச் சுற்றிக் கால்சட்டையை இறக்கிச் சுருட்டி வைத்திருப்பார்கள். இரண்டு காலையும் உள்ளே விட்டு ஒரே இழுப்பு, தோள்வார், மேலங்கி, ஹெல்மெட். தேடுகிற வேலையே இருக்கக் கூடாது. அலமாரியிலிருந்து வண்டிக் கதவு பத்துப் பன்னிரண்டு எட்டில் இருக்க வேண்டும், நடுவில் படிக்கட்டு கூடாது, ஈரத்தரை கூடாது.

திரும்பி வரும்போது கதை வேறு. உடுப்பெல்லாம் கரி, எரிந்த பிளாஸ்டிக்கின் நாற்றம், அந்தக் கரிக்குள்தான் புற்றுநோய்ப் பொருட்கள். ஜெர்மன் பேசும் நாடுகளின் தீயணைப்பு வீரர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கறுப்பு வெள்ளைப் பிரிப்பு. அழுக்கோடு வருபவர் ஒரு வழியில் நுழைந்து, உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிப் போட்டு, குளித்து, மறுபக்கம் சுத்தமான உடையில் வெளியே வர வேண்டும். வந்த வழியே திரும்பி நடக்க முடியாதபடி அறைகள் வரிசையாக இருக்கும். தீயணைத்த உடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழந்தைகளின் துணியோடு துவைத்த காலம் ஒன்று இருந்தது, பல இடங்களில் அது இன்னும் முடியவில்லை. சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டடம் என்று சொல்லிவிட்டு உள்ளே வேலை செய்கிறவரின் நுரையீரலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை வராது.

குழாய் கதையும் உண்டு. 20 மீட்டர் நீளக் குழாயை நனைந்தபடியே சுருட்டி வைத்தால், பழைய துணிக் குழாய்கள் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். அதனால்தான் ஆல்ப்ஸ் கிராமங்களில் நிலையத்தோடு ஒரு கோபுரம் நிற்கும். குழாயை நடுவில் மடித்து உச்சியில் கொக்கியில் மாட்டினால் பத்து மீட்டருக்குமேல் உயரம் வேண்டும், தண்ணீர் தானே வடிந்து காற்றில் காயும். இன்றைய செயற்கை நூலிழைக் குழாய்களுக்கு அவ்வளவு கவனம் வேண்டாம். பல வட்டாரங்களில் குழாய் கழுவிக் காயவைக்கும் இயந்திரத்தைப் பத்துப் பதினைந்து படைகள் சேர்ந்து ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, நனைந்ததைக் கொடுத்துக் காய்ந்ததை வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோபுரம் கட்டாமல் விடுவதும் பசுமைக் கட்டடக்கலைதான், படம் எடுத்துப் போட முடியாது என்பது மட்டுமே அதன் குறை.

ஆட்கள் தூங்குகிற நிலையம்

இப்போது முதல் கேள்விக்கு மற்ற பதில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்வா என்ற நகரம், 2010இல் மக்கள் முப்பதாயிரம். அங்கே 72ஆம் எண் தீயணைப்பு நிலையம் 2011இல் திறந்தது, பரப்பு 11,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டில் உச்சப் படியான பிளாட்டினம் வாங்கியது. இங்கே ஆட்கள் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறார்கள், சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், துவைக்கிறார்கள். ஆக மார்கிரைட்டின் சூத்திரம் செல்லாது, சூடு வேண்டியே தீரும். அவர்கள் தரைக்குள் துளையிட்டுக் குழாய் இறக்கி, அதே கிணற்றுச் சூட்டை ஹீட் பம்ப்பால் மேலே இழுத்துத் தரைக்கடியில் ஓடும் குழாய்களில் விட்டார்கள். மலைக்குள் போவதற்குப் பதிலாக மண்ணின் சூட்டை அறைக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வெந்நீருக்குச் சூரியன் உதவுகிறது, கூரையில் பேனலும் உண்டு, மழைநீரைச் சேர்த்துக் கழிப்பறைக்கும் வண்டி கழுவவும் எடுக்கிறார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது வாசல். மேலே சுருண்டு ஏறும் ஷட்டருக்குப் பதிலாக, பக்கவாட்டில் நான்காக மடியும் கதவு. சில நொடியில் திறந்து சில நொடியில் மூடிவிடும். சுருள் ஷட்டர் மெதுவாக ஏறும்போது பொறுமையில்லாமல் வண்டியை எடுத்து மேலே இடித்துவிடுவது தீயணைப்புப் படைகளில் அடிக்கடி நடக்கிற விபத்து. மடியும் கதவில் திறந்திருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுநருக்குக் கண்ணெதிரே தெரியும். வேகமாக மூடுவதால் சூடும் மிச்சம். விலை அதிகம்தான். ஆனால் காலை மாலை என்று நாளுக்குப் பல தடவை வெளியே போகிற நிலையத்துக்கு அது சரியான செலவு, மாதத்துக்குச் சில அழைப்பு வருகிற கிராமத்துக்கு அதே கதவு வீண்செலவு.

புகழ்பெற்ற இன்னொரு நிலையத்தை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை. ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் ஊரில் விட்ரா நாற்காலித் தொழிற்சாலை 1981இல் எரிந்தது. பிறகு தொழிற்சாலைக்கென்றே ஒரு தீயணைப்பு நிலையம் கட்ட முடிவாகி, 1993இல் ஜஹா ஹடிட் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. அவருடைய வடிவமைப்பில் முழுமையாகக் கட்டி முடிந்த முதல் கட்டடம் அது. கத்தி முனை போன்ற கான்கிரீட் கோணங்கள், உலகம் முழுக்க மாணவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் வட்டாரத் தீயணைப்புப் படை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டதும் சில ஆண்டுகளிலேயே அது நிலையமாக இருப்பது முடிந்து, கண்காட்சிக் கூடமானது. கலையாக அது வென்றது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நிலையம் கட்டக் கிளம்பும் ஒரு சிறு ஊராட்சி, இன்னும் இருபது ஆண்டில் இந்த ஊரில் தீயை யார் அணைப்பார்கள், பக்கத்து ஊர்ப் படையோடு இணைப்பு வருமா, இளைஞர்கள் ஊரில் இருப்பார்களா என்று வரைபடத்துக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பயன்படாமல் நிற்கும் கட்டடத்துக்குச் செலவழித்த கான்கிரீட்டை எந்த பேனலாலும் மீட்க முடியாது. மார்கிரைட்டில் அந்தப் பயம் குறைவு. அங்கே படைதான் ஊர், கூட்டமும் விழாவும் பயிற்சியும் அதைச் சுற்றியே நடக்கின்றன.

அடுத்த வண்டி

இனி வருவது மின்சார வண்டி. ரோசன்பவர் நிறுவனத்தின் மின்சாரத் தீயணைப்பு வண்டியை பெர்லின் படை 2021 தொடக்கத்தில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. அமெரிக்காவின் மேடிசன் நகரம் அதே ஆண்டில் பியர்ஸ் நிறுவனத்தின் வோல்டெரா மின்சார வண்டியை வழக்கமான பணியில் இறக்கியது. அவசரத்துக்கு டீசல் எஞ்சினும் கூடவே இருக்கும், ஆனால் நிலையத்திலிருந்து கிளம்புவதும் திரும்பி வந்து நிற்பதும் மின்சாரத்தில். குகை நிலையத்துக்கு இது பெரிய வரம்: உள்ளே புகையே இல்லை. ஆனால் கூடவே வேறு கேள்விகள் வரும். சார்ஜ் ஏற்ற மின் இணைப்பின் அளவைக் கூட்ட வேண்டும், பேட்டரி தீப்பிடித்தால் குகைக்குள் அந்த வெப்பமும் புகையும் எந்த வழியாக வெளியேறும் என்று யோசிக்க வேண்டும். இன்றைக்கே நிலையம் கட்டுகிறவர்கள் மின்கம்பி போகும் குழாயையாவது தரையில் பதித்து வைத்துவிட்டால் நாளை தரையை உடைக்க வேண்டாம். அது மிகச் சின்னச் செலவு.

அளவு இன்னொரு தலைவலி. ஒவ்வொரு தலைமுறை வண்டியும் முந்தியதைவிட அகலமாக, உயரமாக, கனமாக வருகிறது. சமவெளியில் கட்டிய கொட்டகையென்றால் சுவரைத் தள்ளிக் கட்டலாம், கூரையை உயர்த்தலாம். பாறையில் குடைந்த வளைவை இரண்டு கை அகலம் கூட்டுவது என்றால் மறுபடி வெட்டி, மறுபடி ஆணியடித்து, மறுபடி கான்கிரீட் தெளித்து, அந்த நேரம் முழுக்க வண்டிகளை வேறெங்கோ நிறுத்த வேண்டும். அதனால் மார்கிரைட்டில் அடுத்த வண்டிக்கு விலைப்புள்ளி கேட்கும்போது பம்ப்பின் திறனையும் தொட்டியின் கொள்ளளவையும் கேட்பதற்கு முன், பக்கக் கண்ணாடியைச் சேர்த்து மொத்த அகலம் எவ்வளவு, ஏணியோடு மொத்த உயரம் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். அளவுநாடா முதலில் குகை வாசலுக்குப் போகும், அப்புறம்தான் வண்டிக்கு.